கோடைத் தக்காளி: கிணற்றை அளந்தபின் நாற்று வாங்குங்கள்

தை பிறந்ததிலிருந்து வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் தக்காளியைப் பற்றித்தான். பிசான நெல் அறுப்புக்கு வந்துகொண்டிருக்கிறது, கிணற்றில் தண்ணீர் நிற்கிறது, கோடைக்கு என்ன போடலாம் என்று எல்லோரும் யோசிக்கிற நேரம். எங்கள் தோட்டம் ஆலங்குளத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடுவில், செவல் மண். கோடைத் தக்காளி எங்கள் வீட்டில் வழக்கமான வெள்ளாமை. கீழே நான் சொல்லும் செலவுத் தொகை எல்லாம் எங்கள் கணக்கு நோட்டிலிருந்து எடுத்தது. உங்கள் ஊர்க் கூலியும் வண்டி வாடகையும் வேறாக இருக்கும். அந்த இடத்தில் உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். ஒரு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, இலவச மின்சாரம் இருக்கிறது. போன கோடையில் பக்கத்துத் தோட்டக்காரருக்குத் தக்காளியில் நல்ல காசு. மாசியில் ஏக்கர் முழுக்கத் தக்காளி நடலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு கிடைக்கும்?
— வாசகர், மானூர் வட்டாரம்

தம்பி, ஊருக்குத் திரும்பி வந்து மண்ணில் கை வைக்க நினைத்தது மனசுக்கு சந்தோஷமாக இருக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கிணற்றை அளக்க வேண்டும்.

இப்போது கிணற்றில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து ஏக்கரை முடிவு செய்யாதீர்கள். அது ஐப்பசி, கார்த்திகை மழை கொடுத்தது. மாசியில் நடுகிற தக்காளிக்கு அதிகத் தண்ணீர் வேண்டியது சித்திரையில், காய் பெருக்கிற நேரத்தில். அந்த மாதம் உங்கள் கிணற்றில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறும் என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். சாயந்திரம் மோட்டார் காற்று வாங்குகிற வரை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் மட்டத்தில் ஒரு முடிச்சு போடுங்கள். மறுநாள் சாயந்திரம் அதே நேரம் திரும்ப அளந்தால் எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று தெரியும். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு அடி ஊறினால் சுமார் 8,900 லிட்டர். 20 அடிக்கு 20 அடி சதுரக் கிணறு என்றால் 11,000 லிட்டருக்கு மேல்.

சொட்டுநீரில், நல்ல வெயில் காலத்தில், காய்ப்பில் இருக்கிற செடிக்கு ஒரு நாளைக்கு 2 லிட்டர் வேண்டும். ஐம்பது சென்ட்டில் ஹைப்ரிட் சுமார் 4,500 செடி நிற்கும். ஆக 9,000 லிட்டர். அதாவது அந்த வட்டக் கிணற்றில் நாளுக்கு ஒரு அடி ஊறினால் ஐம்பது சென்ட் பிழைக்கும், அதற்கு மேல் ஒரு செடிகூடத் தாங்காது. மாசியில் இரண்டு அடி ஊறுகிற கிணறு சித்திரையில் ஒரு அடிக்கு இறங்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் பாய்ச்சுவதாக இருந்தால் இந்தக் கணக்கில் பாதி நிலம்தான். சொட்டுநீர் போட சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது, மற்றவர்களுக்கு 75. தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கி, தோட்டக்கலை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மின்சாரம் இலவசம் என்பதால் தண்ணீரும் இலவசம் என்று தோன்றும். கோடையில் நம் பக்கம் மின்சாரம் வந்தும் கிணறு வற்றிக் கிடக்கிற நாள்தான் அதிகம்.

சரி, இப்போது செலவு. ஐம்பது சென்ட்டுக்குச் சொல்கிறேன். உழவு, பாத்தி எடுக்க 3,000. தொழு உரம் மூன்று டிராக்டர் லோடு 7,500. குழித்தட்டு நாற்று ஒன்று 1 ரூபாய் 20 காசு என்றால் 5,400. நடவுக்கு ஆறு ஆள், பெண்கள் கூலி 350 வீதம் 2,100. அடியுரம், சொட்டுநீரில் விடுகிற உரம் எல்லாம் சேர்ந்து 7,000. மருந்து, மஞ்சள் ஒட்டும் அட்டை 6,500. களை எடுக்க, மண் அணைக்க 4,200. குச்சி, கம்பி, கட்டுகிற சணல் 9,000. குச்சி அடுத்த வெள்ளாமைக்கும் வரும், ஆனாலும் முதல் வருஷம் கையிலிருந்து போகிற காசு அது. சொட்டுநீர்க் குழாய் பராமரிப்பு 2,000. இவ்வளவும் 46,700. நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் தண்ணீர் திறக்க, மருந்தடிக்க, காவல் இருக்க என்று உழைப்பதற்கு 8,000 எழுதுங்கள். பலரும் இதை எழுதுவதே இல்லை. அப்புறம் லாபம் வந்ததாக நினைத்துக்கொண்டு தங்கள் கூலியையே சாப்பிடுகிறார்கள். மொத்தம் 54,700. ஐம்பத்தைந்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம்.

மகசூலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விதை பாக்கெட்டிலும் கையேட்டிலும் இருப்பது நல்ல பருவத்து மகசூல். கோடையில் வெயில் பாதிப் பூவைக் கொட்டிவிடும். ஐம்பது சென்ட்டில் விற்பனைக்குத் தேறுவது 7 டன் என்று நான் எழுதுவேன். 25 கிலோ பெட்டியாக 280 பெட்டி. அப்படியானால் வளர்க்கிற செலவு ஒரு பெட்டிக்கு 196 ரூபாய்.

இதற்குமேல் பறிப்புச் செலவு. ஒரு ஆள் ஒரு நாளில் பறித்து, பிரித்து, அடுக்குவது ஏழு பெட்டி, பெட்டிக்கு 50. லோடு ஆட்டோ 20. இறக்கு கூலி, கோயிலுக்கோ சங்கத்துக்கோ பிடிக்கிற மகமை, சில்லறைப் பிடித்தம் எல்லாம் 10. ஆக 80 ரூபாய். விற்றுக் கொடுக்கிற கடைக்குக் கமிஷன் நூற்றுக்குப் பத்து. இதையெல்லாம் சேர்த்துப் போட்டால், பெட்டி 307 ரூபாய்க்குப் போனால்தான் முதல் திரும்பும். கிலோவுக்கு 12 ரூபாய் 30 காசு. மகசூல் 5 டன்னாகக் குறைந்தால் அதுவே பெட்டிக்கு 394, கிலோவுக்கு 15 ரூபாய் 80 காசுக்கு ஏறிவிடும்.

இப்போது உங்கள் கேள்வி. பெட்டி 500-க்குப் போனால் ஐம்பது சென்ட்டில் 48,600 மிஞ்சும். 200-க்குப் போனால் 27,000 கையைக் கடிக்கும். இரண்டு விலையும் ஒரே கோடையில் வருவதை நான் பார்த்திருக்கிறேன். 2023 ஜூலையில் நாடு முழுக்கத் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், அரசு ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த விலையைப் பார்த்து நட்டவர்களின் பழம் செப்டம்பரில் சந்தைக்கு வந்தபோது பல ஊர்களில் ரோட்டில் கொட்டினார்கள். நாற்று நட்டு முதல் பறிப்புக்கு 60, 65 நாள் ஆகும். நடுகிற அன்றைய விலைக்கும் பறிக்கிற அன்றைய விலைக்கும் சம்பந்தம் கிடையாது. அதுபோக, நம் சந்தை விலையை நம் ஊர் விளைச்சல் மட்டும் முடிவு செய்வதில்லை. ஆந்திராவின் மதனப்பள்ளியிலும் கர்நாடகத்தின் கோலாரிலும் விளைச்சல் கொட்டினால் இங்கேயும் விலை இறங்கும். அங்கே மழையோ நோயோ வந்தால் இங்கே ஏறும். இது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. செலவும் தண்ணீரும் நம் கையில் இருக்கின்றன.

அதனால் என் யோசனை: தையின் கடைசியில் இருபத்தைந்து சென்ட், இருபது நாள் கழித்து இன்னொரு இருபத்தைந்து சென்ட். விலை ஒரு பறிப்பில் படுத்தால் இன்னொன்றில் எழும்பும். சித்திரை, வைகாசியில் கல்யாணமும் அம்மன் கோயில் கொடையும் அடுத்தடுத்து வரும். இரண்டாவது நடவு அதைப் பிடிக்கும். தக்காளிக்குப் போகக் கிணற்றில் தண்ணீர் மிஞ்சினால், மீதி ஐம்பது சென்ட்டில் கொஞ்சம் சீனியவரையும் (கொத்தவரை) கொஞ்சம் உளுந்தும் போடுங்கள். இரண்டும் குறைந்த தண்ணீரில் வரும். உளுந்தை மூட்டை கட்டி வைத்து விலை வரும்போது விற்கலாம். அந்த வசதி தக்காளியில் கிடையாது.

அக்கா, முப்பது சென்ட்டில் தக்காளி நிற்கிறது. பூ நிறைய வருகிறது, வந்த வேகத்தில் கொட்டிவிடுகிறது. பிடித்த காயிலும் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரி ஆகிவிடுகிறது. உரக்கடையில் மூன்று மருந்து கொடுத்தார்கள், 1,800 ரூபாய். தெளித்தும் நிற்கவில்லை. நான்கு நாளைக்கு ஒருமுறை நிறையத் தண்ணீர் பாய்ச்சுகிறோம்.
— வாசகி, நாங்குநேரி

தங்கச்சி, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டுமே பூச்சியாலோ பூஞ்சாணத்தாலோ வந்ததாகத் தெரியவில்லை. அந்த 1,800 ரூபாய் மருந்து இதற்கு வேலை செய்யாது. இன்னும் வாங்க வேண்டாம்.

பூ கொட்டுவது வெயிலால். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் புழுக்கமாகவே இருந்தால் மகரந்தம் செத்துவிடும், பூ காயாகாது. இதை முழுக்கத் தடுக்க வழி கிடையாது, குறைக்கலாம். அடுத்த வருஷம் நடவுக்கு இருபது நாள் முன்னாலேயே மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் இரண்டு வரிசை மக்காச்சோளம் போட்டுவிடுங்கள். வெயிலையும் காற்றையும் தாங்கும், வெள்ளை ஈ நேராக உள்ளே வருவதையும் குறைக்கும். இந்த வருஷத்துக்கு மேற்கு ஓரம் குச்சி ஊன்றிப் பழைய சேலையைக் கட்டுங்கள். மயிலுக்கும் கொஞ்சம் தடுப்பாக இருக்கும். நம் பக்கம் செங்காய் தெரிய ஆரம்பித்தால் மயில் தேடி வருகிறது. ஒரு பழத்தை முழுசாகத் தின்பதில்லை, பத்துப் பழத்தைக் கொத்திவிட்டுப் போகிறது.

அடி கறுப்பதற்குக் காரணம் நான்கு நாள் காயப்போட்டு ஒரேயடியாகப் பாய்ச்சுவது. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடுதான் போக வேண்டும். மண்ணில் சத்து இருந்தும், வேர் காய்ந்து கிடக்கிற நாளில் அது காயின் நுனி வரைக்கும் எட்டாது. அதே தண்ணீரை நாலாகப் பிரித்து தினமும் காலையில் விடுங்கள். செடி மூட்டில் மூடாக்கு போடுங்கள். பிசான அறுப்பு வைக்கோல் மாட்டுக்கே விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் காய்ந்த சருகோ நிலக்கடலைத் தொலியோ போதும். யூரியாவை நிறுத்துங்கள். கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 5 கிராம் கலந்து வாரம் ஒருமுறை சாயந்திரம் தெளியுங்கள், வேறு எந்த உரத்தோடும் ஒரே டேங்கில் கலக்காமல். கறுத்த காய் இனிமேல் தேறாது. உடனே பறித்து எறிந்துவிட்டால் செடியின் சத்து மற்ற காய்க்குப் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு இங்கேதான் நழுவுகிறது. எங்கள் தோட்டத்தில் பறித்த பழம் நேராகப் பெட்டிக்குப் போகாது. வேப்ப மரத்தடியில் சாக்கு விரித்துக் கொட்டுவோம். பறிக்க வருகிறவர்களில் ஒரு வயதான அம்மா, கண் அவ்வளவாகத் தெரியாது, பழத்தைக் கையில் எடுத்ததும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பெருவிரலால் ஒரு தடவு தடவுவார்கள். கறுப்போ வெடிப்போ இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும், பழம் இடது பக்கம் போய்விடும். மற்றவர்கள் நாலு பழம் பார்ப்பதற்குள் அவர்கள் பத்துப் பழம் பார்த்துவிடுவார்கள். சந்தையில் வியாபாரி ஒரு பெட்டியைத் தரையில் கவிழ்த்துப் பார்த்து, அதில் ஐந்தாறு பழம் கெட்டிருந்தால் அன்றைக்குக் கொண்டுபோன அத்தனை பெட்டிக்கும் விலையைக் குறைத்துவிடுவான். கெட்ட பழத்தைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போனால் எடை குறையும், வரவு குறையாது.

கரிசல் காட்டில், கிணற்றுத் தண்ணீர் கொஞ்சமே உள்ள இடத்தில், நாட்டு ரகமா ஹைப்ரிட்டா?
— வாசகர், சங்கரன்கோவில்

தண்ணீர் உறுதி இல்லை என்றால் பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 ரகமே போதும். வெயிலைத் தாங்கும், தூரம் போனாலும் நசுங்காது, குச்சிச் செலவு இல்லை, விதையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். மகசூல் குறைவுதான். ஆனால் போட்ட பணமும் குறைவு, விலை படுத்தால் இழப்பும் குறைவு. ஹைப்ரிட் என்பது தண்ணீர், உரம், குச்சி மூன்றும் குறையாமல் கொடுக்க முடிந்தவர்களுக்கு. இலை சுருட்டல் நோய் வழக்கமாக வருகிற இடமாக இருந்தால், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் அதைத் தாங்குகிற ஹைப்ரிட் ரகம். கால் பங்கு நிலத்தில் போட்டுப் பாருங்கள். எந்த ரகமானாலும் நாற்று 25 நாள் வலைக்குள் வளர்ந்ததாக இருக்கட்டும். இலை சுருட்டலைப் பரப்புகிற வெள்ளை ஈ நாற்றிலேயே சாற்றை உறிஞ்சி நோயை ஏற்றிவிட்டால் அந்தச் செடி காய்க்காது, தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு நிற்கும்.

அம்மா, நாற்றுக்கும் உரத்துக்கும் கமிஷன் கடையில் 20,000 முன்பணம் வாங்கியிருக்கிறேன். வட்டி இல்லை. ஆனால் பழம் அந்தக் கடைக்கே போட வேண்டும். பக்கத்துக் கடையில் அன்றன்றைக்குப் பெட்டிக்கு இருபது, முப்பது கூடுதலாகப் போகிறது. கேட்டால் உங்கள் பழம் தரமில்லை என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், சுரண்டை

அண்ணாச்சி, வட்டி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பெட்டிக்கு இருபது ரூபாயே குறைவு என்று வைப்போம். 280 பெட்டிக்கு 5,600 ரூபாய். 20,000 ரூபாய்க்கு நாலு மாதத்துக்கு 5,600 கொடுக்கிறீர்கள். வருஷத்துக்கு நூற்றுக்கு 84 வட்டி. ஊரில் கந்து வட்டி என்று திட்டுகிறோமே, அதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

ஒரு பக்கமாகவும் பேச மாட்டேன். லோடு குவிந்து, யாரும் பழத்தைத் தொடாத நாளில், முன்பணம் கொடுத்த கடை உங்கள் பெட்டியை இறக்கிக்கொள்ளும். மற்ற கடை திருப்பி அனுப்பும். அந்த உறவுக்கு ஒரு மதிப்பு உண்டு. பாவூர்சத்திரத்திலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் லாரி ஏற்றுகிறவர்கள் கையில் வாங்குகிற ஆள் இருக்கிறது. அந்த லாரிக்குச் செங்காயாகப் பறித்துக் கொடுத்தால் நம்மிடமும் கழிவு குறையும். நாம் அவர்களை விட்டுவிட முடியாது. கடன் பட்டவராக இல்லாமல் பழம் கொண்டுவந்தவராகப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருஷத்துக்கு, ஒவ்வொரு லோடுக்கும் சீட்டு கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை பெட்டி, என்ன விலை, கமிஷன், இறக்கு கூலி, மகமை, எடைக் கழிவு எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். "மொத்தமாகக் கழித்தது" என்று ஒரே வரியில் இருந்தால் அங்கேயே நின்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். அதே நாள் மற்ற கடை விலையைச் சீட்டின் பின்பக்கம் நீங்கள் எழுதிவையுங்கள். பத்து சீட்டு சேர்ந்ததும் மரியாதையாக உட்கார்ந்து பேசுங்கள். கையில் காகிதத்தோடு பேசுகிறவருக்கு அவர்களும் இறங்கி வருவார்கள்.

அடுத்த வருஷத்துக்கு உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மார்கழியிலேயே போங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் கொண்டுபோனால் பயிர்க்கடன் கேட்கலாம். தமிழ்நாட்டில் அதை உரிய தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. வங்கியில் விவசாயி கடன் அட்டை என்றால் தேதி தவறாமல் கட்டுகிறவர்களுக்கு 4 சதவீதம். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. நாற்று வாங்குகிற வாரம் போய் நின்றால் கிடைக்காது. அந்த அவசரத்தில்தான் எல்லோரும் கமிஷன் கடைப் படியேறுகிறார்கள்.

அக்கா, போன வருஷம் பெட்டி 100 ரூபாய்க்கு வந்துவிட்டது. வயிற்றெரிச்சலில் பறிக்காமலே விட்டோம். செடியை உழுதுவிட்டோம். செய்தது சரியா? மிஞ்சிய பழத்தை வற்றல் போடலாமா?
— ஒரு குடும்பம், முக்கூடல்

மனசு எவ்வளவு வெந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளை மாதிரி வளர்த்ததைப் பறிக்காமல் விடுவது சாதாரணமில்லை.

இந்த இடத்தில் மேலே சொன்ன கணக்கைத் திரும்ப எடுங்கள். செடி காய்த்து நிற்கும்போது உழவு, நாற்று, உரம் எல்லாம் ஏற்கெனவே செலவழிந்துவிட்டது. பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. அன்றைய கேள்வி ஒன்றுதான்: பறிக்கிற செலவைவிட அதிகமாகக் கிடைக்குமா? எங்கள் கணக்கில் அது பெட்டிக்கு 80 ரூபாய், கமிஷனும் சேர்த்தால் 89. நூறு ரூபாய்க்குப் போனாலும் பெட்டிக்குப் பத்து ரூபாய் மிஞ்சும். வீட்டு ஆட்களே பறித்தால் கூலியும் வீட்டில் நிற்கும். அதனால் நூறில் பறிக்கலாம், 89-க்குக் கீழே போனால் விட்டுவிடலாம். உங்கள் ஊரில் வண்டி வாடகை கூடுதலாக இருந்தால் உங்கள் எல்லை நூறுக்கு மேலேயே இருக்கலாம். அப்படியானால் நீங்கள் செய்தது சரிதான். இந்த எல்லை விலையை நடுகிற அன்றே எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். விலை படுத்த நாளில் கோபமும் துக்கமும் வரும், கணக்கு வராது.

உழுவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். செடியில் இன்னும் பூவும் பிஞ்சும் இருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, காலண்டரில் வைகாசி முகூர்த்தம் மீதி இருக்கிறதா? மூன்றும் இருந்தால் பழுத்ததை மட்டும் உதிர்த்துவிட்டு இரண்டு வாரம் பொறுக்கலாம். வைகாசிக் கடைசி ஆகிவிட்டால் பொறுக்க வேண்டாம். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பிக்கும்போது நம் பக்கம் மேல்காற்று அடிக்கிறது, குச்சி சாய்கிறது, காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று ஈரம் கிடைத்ததும் பழம் வெடிக்கிறது. செடியை அப்படியே உழாமல் பிடுங்கி வெளியே போட்டு அழித்துவிடுங்கள். வெள்ளை ஈயும் ஊசிப்புழுவும் அதில்தான் அடுத்த நடவுக்குக் காத்திருக்கும். நிலம் வெறுமையானபின் ஆட்டுக் கிடை போடுங்கள். மருந்தடித்த செடி நிற்கும்போது ஆட்டை உள்ளே விட வேண்டாம்.

வற்றலைப் பற்றி எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள், நான் கொஞ்சம் தயங்குகிறேன். தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர். இருபது கிலோ பழம் காய்ந்தால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். அறுக்க, உப்பு தூவ, வலை போட்டுக் காயவைக்க, ராத்திரி பனியில் எடுத்துவைக்க ஆள் வேண்டும். வீட்டுக்கும் சொந்தக்காரருக்கும் போடுங்கள், நல்ல பொருள். விற்கப் போவதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புப் பதிவும், வாங்குகிற கடையும் முதலில் உறுதியாக இருக்க வேண்டும். விலை படுத்த வாரத்தில் அவசரமாக ஆரம்பிக்கிற தொழில் இல்லை அது.

பாளையங்கோட்டைக்குப் பத்து கிலோமீட்டரில் இருபது சென்ட் தக்காளி போட்டிருக்கிறோம். நயினார்குளம் மொத்தச் சந்தைக்குக் கொண்டுபோவதா, மகாராஜநகர் உழவர் சந்தைக்கா?
— வாசகி, பாளையங்கோட்டை வட்டாரம்

இருபது சென்ட்டுக்கு உழவர் சந்தைதான் முதல். கமிஷன் கிடையாது, கடை வாடகை கிடையாது, தராசு அவர்களே தருவார்கள். விலையும் மொத்த விலைக்கு மேலாகவே எழுதிப் போடுவார்கள். செங்காயாக இல்லாமல் செடியிலேயே நன்றாகப் பழுத்ததைக் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் அன்றைக்கே சமைக்கப் பார்ப்பார்கள். ஆனால் விடியற்காலையில் போய் உட்கார வீட்டில் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளின் கூலியையும் எழுதுங்கள். ஒரு காலையில் இரண்டு மூன்று பெட்டிக்கு மேல் சில்லறையில் விற்பது கஷ்டம். நிறையப் பறிக்கிற நாளில் மீதியை நயினார்குளத்துக்கு அனுப்புங்கள். உழவர் சந்தை அடையாள அட்டைக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். பயிர் நிற்கும்போது வயலை வந்து பார்த்துத்தான் தருவார்கள், பறிப்பு ஆரம்பித்தபின் ஓடினால் பாதிப் பழம் அதற்குள் போய்விடும்.